கனகாவின் சின்ன மகனுக்கு ஒரு ஜோடி செருப்பு

அத்தியாயம் 11

சத்துமாவுக் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. இக்ரா அதைத் தொடாமல் டம்ளரின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதங்களாகக் காலையில் இந்தக் கஞ்சிதான். ஏன் என்று கேட்டால், "ஒடம்புக்கு நல்லதாம்" என்பாள் அம்மா நசீரா. யார் சொன்னார்கள் என்று இக்ரா கேட்டதில்லை. அம்மாக்களுக்கு யாராவது எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள்.

இன்று அவள் மனம் கஞ்சியில் இல்லை. நேற்று மாலை கம்ப்யூட்டர் திரையில் பார்த்த சிவப்பு எழுத்துகள் இன்னும் கண்ணுக்குள் இருந்தன.

'கனகா, உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.'

கனகாவுக்கு முப்பத்திரண்டு வயது. பெருநகரில் கோயில் பக்கம் வீடு. நீல நிற கேட், வாசலில் கொய்யா மரம். இரண்டு பையன்கள். சின்னவனுக்கு ஐந்து வயது, செருப்பை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டான். 'கூடம்' என்ற இணையதளத்தில் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கூடிப் பேசினார்கள். அங்கே எல்லோருக்கும் கனகாவைப் பிடிக்கும்.

அப்படி ஒருத்தி இல்லை என்பது இக்ராவுக்கும் சென்னையில் இருந்த ஜான்சனுக்கும் மட்டுமே தெரியும்.

ஏனாத்தூரில் எம்.பி.ஏ. மார்க்கெட்டிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் இக்ராவுக்கு, புராஜெக்டுக்காகச் சேர்ந்த கம்பெனியில் கிடைத்த வேலை, கனகாவாக எழுதுவது. பெண்களோடு பெண்ணாகப் பேச வேண்டும். நாலு வார்த்தை வீட்டுக் கதை, ஒரு வார்த்தை 'பொற்கதிர்' சத்துமாவு. வேலையைச் சரியாக முடித்தால் சான்றிதழும் படிப்பு முடிந்ததும் வேலையும் தருவதாக மேலாளர் ஜான்சன் சொல்லியிருந்தார்.

"இன்னாடி, ஆடை கட்டிப் போச்சு பாரு" என்றாள் நசீரா. அவள் புது டின் ஒன்றைத் திறந்து, மாவைச் சம்படத்தில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

இக்ரா நிமிர்ந்தாள். மஞ்சள் டின். அதன் மேல் ஒரு நெற்கதிர்.

பொற்கதிர்.

"இது எங்க கெடச்சுதும்மா?"

"காஞ்சிபுரத்துல. உங்க அத்தா சரக்கு எடுக்கப் போறப்ப வாங்கியாரச் சொல்வேன். இங்க எந்தக் கடையிலயும் இல்ல."

"யாரு சொன்னாங்க இத வாங்கச் சொல்லி?"

நசீரா டின்னைத் தட்டிக் கடைசி மாவையும் கொட்டினாள்.

"ஒரு சிநேகிதி."

"எந்த சிநேகிதி?"

"உனக்குத் தெரியாது. குடி."

இக்ரா குடித்தாள். அவளே எழுதி எழுதி விற்ற மாவு தொண்டையில் மெதுவாக இறங்கியது.

*

கீழே, பஸ் ஸ்டாண்டைப் பார்த்த மாதிரி இக்ராவின் அப்பா சனாவுல்லாவின் செருப்புக் கடை. அதை ஒட்டியே ஒரு அறையில் ஐந்து கம்ப்யூட்டர்கள் வைத்து பிரவுசிங் சென்டர். பரீட்சை முடிவு வரும் நாட்களில் திருப்புலிவனம் வரைக்கும் உள்ள பிள்ளைகள் வந்து அடைவார்கள். மற்ற நாட்களில் ஈ ஓட்டலாம். மூடிவிடலாமா என்று சனாவுல்லா இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

இக்ரா சென்டரின் ரிஜிஸ்டரை எடுத்தாள். வருகிறவர்கள் பெயர், ஊர், வந்த நேரம், போன நேரம் எல்லாம் அதில் எழுத வேண்டும்.

தினமும் மதியம் இரண்டு முதல் நான்கு வரை வெற்றிடம்தான். அந்த நேரத்தில் அத்தா சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். அம்மா கீழே வந்து இரண்டு கடைகளையும் பார்த்துக்கொள்வாள்.

கம்ப்யூட்டரில் 'கூடம்' தளத்தைத் திறந்தாள். முடக்கினாலும் படிக்க முடியும். நிர்வாகி சோபியாவின் அறிவிப்பு முதலிலேயே இருந்தது.

'அன்புத் தோழிகளே, கனகா, மருதாணி என்ற இரண்டு பேரும் ஒரே இணைய இணைப்பிலிருந்து எழுதி வந்திருக்கிறார்கள். ஒருவரே இரண்டு பேராக வந்து நம்மிடம் கதை பேசியிருக்கிறார். மனம் வலிக்கிறது. இரண்டு கணக்குகளையும் முடக்கியிருக்கிறோம்.'

கீழே அறுபத்தொரு பதில்கள். 'மருதாணி அக்காவா இப்படி?' 'அழுது அழுது எழுதினாங்களே, அத்தனையும் நடிப்பா?'

இக்ரா மருதாணியின் பழைய பதிவுகளைத் தேடினாள். எழுதிய நேரங்களை மட்டும் பார்த்தாள். இரண்டு பதினைந்து. மூன்று ஐந்து. இரண்டு நாற்பது. ஒன்றுகூட அம்மா கீழே இருக்கும் இந்த இரண்டு மணி நேரத்துக்கு வெளியே இல்லை.

மருதாணியை அவளுக்கு நன்றாகவே தெரியும். கனகாவிடம் அவள் எதையும் மறைத்ததில்லை. ஊர் பெயரையும் கடையையும் மட்டும் சொன்னதில்லை. முன்பு ஒருநாள் எழுதியிருந்தாள்: 'என் பெண் காலேஜிலிருந்து வருவாள், சாப்பிடுவாள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அவள் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும், கனகா.'

கனகா உடனே பதில் போட்டிருந்தாள். 'எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் அக்கா, விடுங்க. காலையில் அவளுக்கு ஒரு டம்ளர் பொற்கதிர் கஞ்சி கொடுங்க. உங்க அன்பு அதில் தெரியும்.'

இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அதை அடித்தாள். அனுப்புவதற்கான விசையை அழுத்தும்போது தனக்கு என்ன தோன்றியது என்று யோசித்துப் பார்த்தாள். வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியது. வேறொன்றும் தோன்றவில்லை.

செல்போன் அதிர்ந்தது.

"இக்ரா, பார்த்தேன்மா. பயப்படாத" என்றார் ஜான்சன். அவர் குரல் எப்போதும் போலத் தணிவாகவே இருந்தது. "அந்த அட்மினுக்கு ஒரு மெயில் போடு. நான் கனகா, நிஜமான ஆள். நான் போற பிரவுசிங் சென்டர்ல யாரோ ஒரு பொம்பள மருதாணின்னு பொய்யா எழுதியிருக்காங்க, அவங்கள எனக்குத் தெரியாதுன்னு எழுது."

"சார், அந்த மருதாணி..."

"யாரா இருந்தா என்ன? கனகா நமக்கு வேணும். மூணு மாச உழைப்பு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு கிளையன்ட் மீட்டிங். அதுக்குள்ள போட்டுட்டுச் சொல்லு."

இக்ரா அந்தக் கடிதத்தை அடித்தாள். கனகாவின் நடை அவள் விரல்களுக்குத் தானாக வரும். பிறகு அதன் கீழேயே இன்னொரு கடிதம் அடித்தாள். அது வரவில்லை. 'நான் இக்ரா' என்று ஆரம்பித்து, அடுத்த வரிக்குப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. மருதாணி நிஜம், நான்தான் பொய் என்று எழுதி முடித்தாள்.

இரண்டையும் அனுப்பவில்லை. சேமித்து வைத்தாள்.

*

இரண்டு மணிக்கு நசீரா இறங்கி வந்தாள். மகள் ஐந்தாவது மேசையில் இருப்பதைப் பார்த்துத் தயங்கினாள். பிறகு பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல."

"சாயந்திரம் நீதான இங்க ஒக்கார்ற. பெருநகர்ல இருந்து ஒரு பொண்ணு வருதா? ரெண்டு பசங்க. கனகான்னு பேரு."

இக்ராவின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது.

"ஏம்மா?"

நசீரா சொன்னாள். மதியம் யாரும் வராத நேரத்தில் பொழுது போகாமல் தட்டித் தட்டித் தமிழில் எழுதக் கற்றுக்கொண்டதை, 'கூடம்' பற்றி, மருதாணி பற்றி. ஒரு தப்பை ஒத்துக்கொள்கிற மாதிரிதான் ஆரம்பித்தாள். போகப் போக முகம் மலர்ந்துவிட்டது.

"நேத்து ரெண்டு பேரையும் வெளிய தள்ளிட்டாங்க. மொதல்ல அழுகையா வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். ஒரே லைன்லருந்து வருதுன்றாங்களே, அது நம்ம லைன் தான? அஞ்சு மிசினும் ஒரே லைன்ல தான போவுதுன்னு உங்க அத்தா சொல்லிக்கீறாரு. அப்போ கனகா நம்ம கடைக்குத்தான் வந்துக்கினு இருந்திருக்கா! நான் எந்திரிச்ச நாற்காலியில அது வந்து ஒக்காந்திருக்கு. பாரேன்!"

இவ்வளவு சந்தோஷமாக அம்மா பேசி இக்ரா பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அல்லது இக்ராதான் வெகுநாளாகப் பார்க்காமல் இருந்தாள்.

"ரிஜிஸ்டர்ல அந்தப் பேரு இல்லம்மா."

"பொம்பளைங்க நெசப் பேரு எழுதுவாங்களா? நானே மருதாணின்னுதான் எழுதறேன்." நசீரா எழுந்தாள். "நாலு மணி பஸ்ஸுக்கு போய்ட்டு வந்துடறேன்."

"எங்க?"

"பெருநகருக்குத்தான். என்னப் பொய்க்காரின்னு நெனச்சுக்கினு இருக்கும் அது. கண்ணால பாத்தா ஆச்சு. பெருநகர் இன்னா மெட்ராஸா? கோயில் பக்கம், நீல கேட்டு, கொய்யா மரம்னா காட்ட மாட்டாங்களா?"

அப்போதுதான் இக்ரா அவள் கையில் இருந்த அட்டைப் பெட்டியைக் கவனித்தாள். குழந்தைச் செருப்பு. நீலப் பட்டை வைத்தது.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தப் பக்கம் கடையிலிருந்து சனாவுல்லாவின் குரல் வந்தது. தூக்கம் கலைந்து இறங்கியிருந்தார்.

"நசீரா, பத்தாம் நம்பர்ல நீலப் பட்டை ஒரு ஜோடி காணோம். நீ எடுத்தியா?"

"எடுத்தேன். ஒரு புள்ளைக்கு."

"குச்சி எங்க?"

கிராமத்திலிருந்து வருகிறவர்கள் பிள்ளையைக் கூட்டிவர மாட்டார்கள். பிள்ளையின் பாதத்தின் நீளத்துக்குத் துடைப்பக் குச்சி ஒன்றை ஒடித்து எடுத்துவருவார்கள். சனாவுல்லா குச்சியைச் செருப்புக்குள் வைத்துப் பார்த்துத்தான் கொடுப்பார்.

"குச்சி இல்ல. அஞ்சு வயசுப் பையன்."

"நல்லா கீதே கத! வயச வெச்சுக்கினா செருப்பு குடுப்பாங்க? கால வெச்சுதான் குடுப்பாங்க. எந்தக் காலுக்குன்னு தெரியாம எடுத்துக்கினு போறியே."

"உங்களுக்குக் காசு வேணுமா இப்ப?"

"அட, காச யாரு கேட்டா? சேராம போனா புள்ள ஏமாந்துடும்னு சொன்னேன்." அவர் மகளைப் பார்த்தார். "நீயும் கூடப் போ இக்ரா. உங்கம்மா பஸ் மாறி ஏறிடுவா."

*

நான்கு மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நசீரா புர்காவின் முன்பக்கத்தை ஒதுக்கிவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். "பெருநகர் ரெண்டு" என்று அவளே டிக்கெட் எடுத்தாள்.

பஸ் ஏரிக்கரையைத் தாண்டியது. நாற்று விட்ட வயல்கள் வந்தன. இக்ரா ஒவ்வொரு நிறுத்தமாகத் தள்ளிப்போட்டாள். அடுத்ததில் சொல்லலாம். அதற்கடுத்ததில் சொல்லலாம்.

கனகாவாக இருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பாள். கனகாவுக்கு எதையும் யாரிடமும் சொல்லத் தெரியும். மூன்று மாதங்களில் இக்ரா தன் அம்மாவோடு பேசியது சாப்பாடு, சாவி, பஸ் நேரம். கனகா பேசியது தூக்கம் வராத இரவுகளைப் பற்றி, கல்யாணமான புதிதில் நசீரா ஒளித்து வைத்துப் படித்த வாரப் பத்திரிகைகளைப் பற்றி. கேள்வி கேட்கத் தெரிந்தவள் கனகா. ஆனால் அந்தக் கேள்விகளை யோசித்தவள் யார்?

"அம்மா, கனகா பெருநகர்ல இல்ல."

"வேற எங்க கீது?"

"எங்கயும் இல்ல. நான்தாம்மா அது."

"எது?"

"கனகா. கம்பெனிக்காக எழுதினேன். அந்த மாவ விக்கறதுக்கு. மருதாணி நீன்னு இன்னிக்குக் காலையிலதான் எனக்குத் தெரிஞ்சுது."

நசீரா சிரிக்கப் போனாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, மறுபடி கிளம்பியது.

"சின்னவனுக்கு அம்மை போட்டுச்சுன்னு எழுதுனியே."

"அதுவும் பொய்தாம்மா." உடம்பு சரியில்லை என்று எழுதினால் பதில் நிறைய வரும் என்று ஜான்சன் சொல்லியிருந்தார். அன்றைக்கு நூற்றுப் பத்து பதில்கள் வந்தன.

"ரெண்டு நோம்பு புடிச்சேன் அவனுக்கு" என்றாள் நசீரா.

குரலில் கோபம் இல்லை. ஒரு விவரத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள். அந்த இரண்டு நாட்களை இக்ரா நினைவில் தேடினாள். அம்மா சாப்பிடாமல் இருந்த இரண்டு பகல்கள். ஒரே வீட்டில்தான் இருந்தாள், எதுவும் நினைவுக்கு வரவில்லை. பொய் எழுதியதைவிட அது அதிகம் சுட்டது.

"நான் எழுதுனது எல்லாம் படிச்சியா?"

"படிச்சேன்."

"முதுகப் பத்தி எழுதுனேனே?"

"படிச்சேம்மா."

"எல்லாப் புள்ளைங்களும் அப்படித்தான் அக்கான்னு சொன்ன." நசீரா இப்போது திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, உதட்டோரம் ஒரு சிரிப்பும் இருந்தது. "பெத்தவள அக்கான்னு கூப்பிட்டிருக்கடி நீ."

இக்ரா முன்னிருக்கையின் கம்பியைப் பிடித்தபடி, "எறங்கி அடுத்த பஸ்ல திரும்பிப் போயிடலாமா?" என்று கேட்டாள்.

"டிக்கெட் எடுத்தாச்சு." நசீரா பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். "நீல கேட்டு, கொய்யா மரம்னு அவ்ளோ தெளிவா எழுதுனியே. எந்த வூட்ட நெனச்சுக்கினு எழுதுன? அதக் காட்டு."

*

வீடு இருந்தது.

போன வருடம் கிராமத்து வீடுகளில் என்ன சோப்பு வாங்குகிறார்கள் என்று கணக்கெடுக்க வகுப்போடு பெருநகருக்கு வந்திருந்தாள் இக்ரா. நல்ல வெயில். இந்தக் கேட்டுக்குள் இருந்த பெண்தான் உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, நாற்பது கேள்விகளுக்கும் நின்று பதில் சொன்னாள். கூலி வேலைக்குப் போக வேண்டிய நாள், இவளுக்காக ஒரு மணி நேரம் தாமதமாகப் போனாள். படிவத்தில் பெயர் எழுத இடம் கிடையாது. பதினேழாம் எண் என்று போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

நீல வண்ணம் இப்போது உரிந்திருந்தது. கொய்யா மரத்தில் பிஞ்சு விட்டிருந்தது.

கேட் சத்தம் கேட்டு அந்தப் பெண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள்.

"சோப்பு கேட்டுக்கினு வந்த பொண்ணு தான நீ? நாப்பது கேள்வி கேட்ட! இன்னும் இன்னா பாக்கி கீது?"

"ஒண்ண விட்டுட்டேன்கா" என்றாள் இக்ரா. "உங்க பேரு."

அந்தப் பெண் சத்தமாகச் சிரித்தாள். "இதுக்கா பஸ் ஏறி வந்த? அம்முலு."

"அம்முலு" என்று நசீரா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "நான் நசீரா. இவ அம்மா" என்றாள்.

"உள்ள வாங்கம்மா. ஏன் வாசல்லயே நிக்கறீங்க?"

உள்ளிருந்து ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள். எட்டு வயது இருக்கும். பையன்கள் யாரும் இல்லை. நசீராவின் பார்வை முகத்துக்கு முன்னால் அவள் பாதத்துக்குப் போனது. இருபத்தைந்து வருடமாகச் செருப்புக் கடைக்காரரின் மனைவி. ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

"இது சேராது" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். "இன்னும் மூணு நம்பர் பெருசு வேணும். அம்முலு, தொடப்பத்துல இருந்து ஒரு குச்சி குடும்மா."

"எதுக்கு?"

"குடேன்."

அம்முலு ஒன்றும் புரியாமல் குச்சி எடுத்துவந்தாள். புர்காவை மடித்துக்கொண்டு நசீரா தரையில் உட்கார்ந்தாள். சிறுமியின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, குதிகாலிலிருந்து பெருவிரல் வரை குச்சியைப் பிடித்து, நகத்தால் அழுத்தி ஒடித்தாள். கூச்சத்தில் சிறுமி நெளிந்து சிரித்தாள்.

இக்ரா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முதுகு அவளுக்கு நேராக இருந்தது. அதை அவள் இதற்கு முன் இப்படிப் பார்த்ததில்லை.

கைப்பைக்குள் செல்போன் அதிர்ந்தது. ஐந்து மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது. சேமித்து வைத்த இரண்டு கடிதங்களும் கடையிலிருந்த கம்ப்யூட்டரில் அப்படியே காத்திருந்தன. அவள் போனை வெளியே எடுத்தாள். ஜான்சன் என்று வந்தது. எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை.

நசீரா திரும்பிப் பார்க்கவில்லை. ஒடித்த குச்சியைப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"யாருக்கு வந்துக்கீது போனு? கனகாவுக்கா, உனக்கா?"